சிவப்புப் பிடி திருப்புளி

என் இடது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. 1961-ல் வந்தது. அப்போது எனக்குப் பதினோரு வயது. வீட்டு முன் அறை ஜன்னல் கதவின் கீல் ஆட்டம் கண்டிருந்தது. சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த பழைய புதுச்சேரிக் கதவு அது. அப்பா ஆபீசிலிருந்து வருவதற்குள் சரிசெய்து நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று அவருடைய திருப்புளியை எடுத்தேன். இடது கையால் கீலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுத் திருகினேன். நுனி ஸ்க்ரூவின் கோட்டை விட்டு வழுக்கி நேராக உள்ளங்கையில் இறங்கியது.

மறுநாள் பள்ளியில் கட்டுப்போட்ட கையைப் பார்த்து மிசியே காரணம் கேட்டார். எங்கள் பள்ளியில் எதற்கும் பிரெஞ்சில்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்று அவரே சொல்லிக்கொடுத்திருந்ததால், திருப்புளிக்கு 'தூர்னவீ' என்றேன். இந்தச் சொல்லில் மட்டும் கடைசி 'ஸ்' ஒலிக்குமாம். 'தூர்னவிஸ்' என்று திருத்திவிட்டு, மறக்காமல் இருக்க என் காதையும் ஒரு திருகு திருகினார். கை வலி நாலு நாளில் போய்விட்டது. அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

அப்பா திட்டவில்லை. கொண்டையில் ஒற்றைக் கோடு போட்ட அந்த ஸ்க்ரூவில் நுனி நிற்பதற்கு எந்தத் தடுப்பும் கிடையாது, பக்கவாட்டில் எந்த நேரமும் ஓடும், அதனால் எதிர்ப்பக்கம் கையை வைக்காதே என்றார். பிறகு தானே முடுக்கினார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லா ஸ்க்ரூவின் கோடும் கடைசியில் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் தூசியும் தண்ணீரும் தங்கும் என்பார். எல்லாம் பித்தளை ஸ்க்ரூக்கள்.

இதற்குப் பிறகு ஐம்பது வருஷம் நான் ஸ்க்ரூவைப் பற்றி நினைக்கவே இல்லை. கோப்புகளுக்கும் பதிவேடுகளுக்கும் டேக் நூல் போதும், ஸ்க்ரூ வேண்டாம்.

2014 கோடையில் மாண்ட்ரியாலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்னால் உட்காருவதற்கு ஒரு மரத்தளம் போட்டுக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் நானும் கூட நின்றேன். "மாமா, அந்த ரூஷை எடுங்க" என்றார். ரூஷ் என்றால் சிவப்பு. பெட்டியில் சிவப்புப் பிடி போட்ட திருப்புளி ஒன்று இருந்தது. அதன் நுனி தட்டையும் இல்லை, ஸ்டாரும் இல்லை. சின்னச் சதுரம். ஸ்க்ரூவின் கொண்டையிலும் அதே அளவில் சதுரக் குழி. மாப்பிள்ளை ஸ்க்ரூவை அதில் செருகி, திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஸ்க்ரூ விழவில்லை. காந்தம் இல்லை. சதுரம் அடியில் சற்றே ஒடுங்குவதால் கவ்விக்கொள்கிறது, அவ்வளவுதான். என் இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருக்க, ஒரே கையால் முப்பது நாற்பது ஸ்க்ரூ முடுக்கினேன். ஒன்றுகூட வழுக்கவில்லை.

பக்கத்து வீட்டில் என் வயதில் ஒரு கியூபெக்காரர். என்னுடைய பள்ளிக்கூடப் பிரெஞ்சும் அவருடைய பிரெஞ்சும் முதல் இரண்டு நாள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. திருப்புளிகள்தான் எங்களைச் சேர்த்துவைத்தன. இந்தச் சதுரத்துக்கு அவர்கள் 'கார்ரே' என்கிறார்கள். நாம் ஸ்டார் என்று சொல்வதற்கு 'எத்துவால்', அதாவது நட்சத்திரம். பிரான்ஸ்காரன் அதே நுனிக்குச் சிலுவை வடிவம் என்று பெயர் வைத்திருக்கிறான். கியூபெக்காரனுக்கும் நேரு வீதி ஹார்டுவேர் கடைக்காரருக்கும் மட்டும் அதில் நட்சத்திரம் தெரிகிறது!

இந்தச் சதுர ஸ்க்ரூவின் கதையையும் அவர்தான் ஆரம்பித்துவைத்தார். மிச்சத்தை நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். கண்டுபிடித்தவர் பீட்டர் ராபர்ட்சன் என்ற கனடாக்காரர். திருப்புளி விற்கும் வேலையில் இருந்தவர். அதே மாண்ட்ரியாலில், தெருவில் கூடிய ஆட்களுக்கு ஸ்பிரிங் வைத்த திருப்புளி ஒன்றை இயக்கிக் காட்டும்போது, நுனி வழுக்கித் தன் கையையே கிழித்துக்கொண்டாராம். அந்தக் கோபத்தில்தான் வழுக்காத ஸ்க்ரூ யோசித்தார் என்று சொல்வார்கள். விற்பனைக்காரர் கதை, கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கலாம். ஆனால் கையில் தழும்பு உள்ளவன் இதை நம்பாமல் எப்படி இருப்பான்?

சதுரக் குழி அவருக்கு முன்பும் சிலருக்குத் தோன்றியதுதான். குழி போடும்போது கொண்டை பலவீனமாகிவிடும் என்பதே தடை. ராபர்ட்சன் குழியின் சுவரைச் சற்றுச் சரித்து, அடியைக் கூம்பாக்கி, இரும்பைக் காய்ச்சாமல் குளிர்நிலையிலேயே அச்சில் அழுத்தும் வழியைக் கண்டார். 1908-ல் ஒன்டாரியோவின் மில்ட்டன் என்ற ஊரில் ஆலை வைத்தார். 1909-ல் காப்புரிமை கிடைத்தது. அளவுக்கு ஒரு நிறம் என்று பிடிகளுக்கு வண்ணம் வந்தது: சிறியது மஞ்சள், அடுத்தது பச்சை, பிறகு சிவப்பு, பெரியது கறுப்பு. எழுத்துத் தெரியாதவனும் நிறத்தைச் சொல்லி வாங்கலாம்.

ஃபோர்டு கம்பெனியின் கனடா ஆலையில் இந்த ஸ்க்ரூவைப் பயன்படுத்தினார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு டாலருக்கு மேல் மிச்சமானதாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஹென்றி ஃபோர்டு விடுவாரா? அமெரிக்காவில் செய்துகொள்ள உரிமம் கேட்டார். ராபர்ட்சன் கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் ஒருமுறை உரிமம் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். சூடு கண்ட பூனை. தன் பொருள் தன் பிடியில் இருக்கட்டும் என்று கனடாவோடு நின்றுவிட்டார்.

அந்த இடத்தில்தான் ஸ்டார் நுழைந்தது. 1930களில் அமெரிக்காவின் ஹென்றி ஃபிலிப்ஸ் வேறொருவர் யோசனையை வாங்கி மெருகேற்றிக் காப்புரிமை எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்தார். 1936-ல் காடிலாக் கார்களில் ஏறியது. பிறகு உலகம் முழுக்க அதுதான். மெஷின் திருப்புளியின் நுனி தானாகவே நடுவில் போய் உட்காருவது அதன் நல்ல குணம். ஆனால் கொஞ்சம் அழுத்தித் திருகினால் மேலே எழும்பி வெளியே வந்துவிடும். இரண்டு தடவை எழும்பினால் குழி மழுங்கி வட்டமாகிவிடும். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு டிரில் போட வேண்டியதுதான். அதே ஜாடையில் போசிடிரைவ் என்று ஒன்று இருக்கிறது, கொண்டையில் நாலு சின்னக் கோடு கூடுதலாக இருக்கும். அதில் சாதா ஸ்டாரைப் போட்டுத்தான் பாதிப் பேர் குழியைக் கெடுக்கிறார்கள். ஆறு முனை டார்க்ஸ் 1967-ல் வந்தது. நன்றாகவே பிடிக்கிறது, கனடாவிலேயே சதுரத்துக்குப் போட்டியாக இருக்கிறது. ஆலன் சாவியை எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பிடித்தது சதுரம்தான். ஊர் திரும்பும்போது ஒரு சிவப்புத் திருப்புளியும் ஒரு டப்பா ஸ்க்ரூவும் பெட்டியில் வந்தன. முன் அறை ஜன்னலின் நாலு கீலுக்கும், ஒரு கீலுக்கு ஆறு வீதம், இருபத்துநான்கு சதுர ஸ்க்ரூக்களை நானே முடுக்கினேன். அப்பாவின் பித்தளை ஸ்க்ரூக்களைக் கழற்றி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். எதையும் வீசாதது குமாஸ்தா புத்தி. என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருந்தது?" என்று கேட்டாள். அறுபது வருஷமாக வழுக்குகிறது என்றேன்.

பத்து வருஷம் கதவு அசையவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டு மரக்கிளை விழுந்து ஒரு கதவின் பட்டைகள் பெயர்ந்தன. இரண்டு கதவும் ஊறிப் பருத்துச் சாத்த முடியவில்லை. ஆசாரி வந்து பார்த்து, கதவுகளைக் கழற்றி எடுத்தால்தான் வேலை ஆகும் என்றார். அவர் பையில் தட்டை இருந்தது, ஸ்டார் இருந்தது. சதுரம் இல்லை. பெருமையாக என் சிவப்புத் திருப்புளியை எடுக்கப் போனேன். காணோம். வெள்ளையடிக்க வந்தவர்கள் பெயிண்ட் டப்பா திறக்க எடுத்திருப்பார்கள் என்பது என் கட்சி. "நீங்களே எங்கேயோ பத்திரமா வெச்சிருப்பீங்க" என்பது என் மனைவியின் கட்சி. இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

ஹார்டுவேர் கடைகளில் கேட்டேன். ஆலன் சாவியைக் காட்டினார்கள். மகள் போனில், "ஆன்லைன்ல கிடைக்கும்பா, நாலஞ்சு நாள்ல வந்துடும்" என்றாள். அந்த நாலஞ்சு நாளும் மழை அறைக்குள் பெய்யுமே! தட்டைத் திருப்புளியாக இருந்தால் ஒரு கத்தி முனை, ஒரு பழைய காசு எதையாவது வைத்துச் சமாளிக்கலாம். உலகத்திலேயே நல்ல ஸ்க்ரூ என்று மாட்டிவைத்தது, என் வீட்டுக் கதவை எனக்கே பூட்டிவிட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் ராபர்ட்சன் ஃபோர்டுக்குச் சரி என்று சொல்லியிருந்தால் என் ஆசாரி பையில் இன்றைக்கு ஒரு சதுரம் இருந்திருக்கும் என்று அவர் மேல் எரிச்சல்கூட வந்தது. அவர் 1951-லேயே காலமாகிவிட்டார், எரிச்சல்பட்டு என்ன செய்ய?

ஆசாரி எரிச்சல்படவில்லை. "இது என்னா சார், சதுரம்தானே" என்று தேய்ந்துபோன ஒரு தட்டைத் திருப்புளியை எடுத்துச் சாணை மெஷினில் வைத்தார். இரும்பு சூடேறி நீலம் பாயாமல் இருக்க அடிக்கடி தண்ணீரில் நனைத்தார். நாலு பக்கமும் தேய்த்து, ஒரு ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்தார். பத்து நிமிஷத்தில் சதுரம் தயார். குழிகளில் அடைந்திருந்த பெயிண்டை ஆணியால் சுரண்டி எடுத்துவிட்டுத் திருகினார். இருபத்துநான்கில் இருபத்திரண்டு வந்தன. இரண்டு கழுத்தில் முறிந்தன. ஒரு குழியும் மழுங்கவில்லை, ஆனால் தண்டு பூராவும் துரு. கடற்காற்றுக்கு அந்த இரும்பு ஆகாது என்று வாங்கும்போது எனக்குத் தோன்றவே இல்லை. குழியின் வடிவத்தைப் பார்த்த மயக்கத்தில் உலோகத்தைப் பார்க்கவில்லை.

"பழசு இருக்குதா சார்?" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். பித்தளை கறுத்திருந்தது, கெட்டுப்போகவில்லை. மூன்றாம் நாள் கதவுகளை இழைத்துக் கொண்டுவந்தார். பழைய ஓட்டைகளில் ஃபெவிகால் தடவி மூங்கில் சில்லு அடித்து, அப்பாவின் ஸ்க்ரூக்களை முடுக்கினார். நான் கீலைப் பிடிக்கப் போனபோது, "கைய அப்பால எடுங்க சார், வழுக்கும்" என்றார்.

சதுரமாக்கிய திருப்புளியைப் போகும்போது என்னிடமே கொடுத்துவிட்டார். அவருக்கு வேறெங்கும் உபயோகப்படாதாம். கூலி வாங்கிக்கொண்டு அவர் போன பிறகு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். இருபத்துநான்கு கோடுகளும் செங்குத்தாக நின்றன. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.