"பொறுங்கோ" என்று சொல்லும் குரல்

கிபிர் இரைச்சல் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் குதித்தவர்கள் நாங்கள். 2009 வரை வன்னியில் வானூர்தி என்றால் அச்சம்தான். இன்றோ ஆனையிறவைத் தாண்டிப் பலாலிக்குப் போய்ச் சென்னைக்குப் பறக்கிறோம். 2019 நவம்பரில் தொடங்கிய அந்தச் சேவை கொரோனாவால் நின்றுபோய், 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

நான் போன நாளில் மாரிமழை. புறப்பாடு பிந்தியது. "பஸ் மழைக்கும் ஓடுதுதானே, பிள்ளை?" என்று பக்கத்திலிருந்த அம்மா அலுத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பின்னர் இதுபற்றி வாசித்தேன்.

பஸ்ஸை வழியில் நிறுத்தலாம். வானூர்தி ஓடுபாதையில் குறித்த ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால், ஒரு இயந்திரம் பழுதானாலும் மேலெழுந்தே ஆகவேண்டும். நிறுத்துவதா, எழுவதா என்று முடிவெடுக்கச் சில நொடிகளே உண்டு. ஈரத்தில் சில்லுகளின் பிடி குறையும். இடிமுகில் அருகில் இருந்தால் எதிர்க்காற்று திடீரெனப் பின்காற்றாக மாறி, வானூர்தியைத் தாங்கும் விசையைக் குறைத்துவிடும். அதனால்தான் வேலையை இருவர் பங்கிடுகிறார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கருவிகளைப் பார்த்து வேகத்தை உரக்கச் சொல்வார். 10,000 அடிக்குக் கீழே வேலைக்குப் புறம்பான கதை கூடாது என்று அமெரிக்கா 1981இல் விதியே கொண்டுவந்தது.

ஆனால், இருவர் இருந்தால் மட்டும் போதாது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய தெனரீஃப் தீவில் கடும் மூடுபனி. பல மணிநேரத் தாமதம். பணியாளரின் வேலைநேரமும் முடியப்போகிறது. மூத்த வானோடி அனுமதி கிடைக்குமுன்னரே வானூர்தியை ஓடவிட்டார். முன்னால் நின்ற மற்ற வானூர்தி விலகிவிட்டதா என்று பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வானோடி தொடர்ந்தார். இரண்டும் மோதி 583 பேர் மாண்டனர்.

எமக்கு அண்மையிலும் இத்தகைய துயரம் நடந்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழைக்குள் தரையிறங்கிய வானூர்தி ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தனர். மீண்டும் மேலெழும்படி துணை வானோடி சொன்னது செயலாகவில்லை என்கிறது விசாரணை அறிக்கை.

இளையவர் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் காதுகொடுக்கவும் இன்று வானோடிகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். அந்தப் பயிற்சி எமது வீடுகளுக்கும் வேண்டும். மழைக்குள் மோட்டார் சைக்கிளில் போகையில் பின்னாலிருக்கும் மகள் "அப்பா, மெல்லப் போங்கோ" என்றால், "வாயை மூடு" என்று அதட்டுபவர் எத்தனை பேர்!

முல்லைத்தீவில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறக்காமல் கரையில் காத்திருப்பார்கள். அதை யாரும் சோம்பல் என்பதில்லை. வானூர்திக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அப்படியே எண்ணுவோம். சின்னவர் "பொறுங்கோ" என்றால், ஒரு கணம் நின்று கேட்போம்.