பூனைக்கும் மூட்டுவலி உண்டு

நமக்கு முழங்கால் வலித்தால் வீட்டையே கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம். பூனை சொல்லாது.

எங்கள் சின்னுவுக்கு 14 வயது. நொண்டவில்லை, கத்தவில்லை. ஆனால் ஒரே தாவலில் ஜன்னல் திண்டில் ஏறியவள், முதலில் நாற்காலியில் ஏறி, கொஞ்சம் யோசித்த பிறகே திண்டுக்குப் போனாள். இடுப்புப் பக்கம் நக்கிக்கொள்ள முடியாமல் முடி சிக்குப் பிடித்திருந்தது. "வயசாச்சு, அவ்வளவுதான்" என்றாள் மனைவி. எனக்கு மனசு கேட்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஒவ்வொரு மூட்டாக மெல்ல மடக்கிப் பார்த்தார். "இங்கே பயத்தில் பதுங்கிவிடும் சார். வீட்டில் தாவுவதையும் படி இறங்குவதையும் செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள்" என்றார். பெரும்பாலும் இரண்டு பக்க மூட்டுகளும் சேர்ந்தே தேய்வதால் நொண்டல் தெரியாதாம். 2002இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்ததில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்திருக்கிறது.

மருந்து கொடுத்தார். நாங்கள் மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினோம். ஜன்னலடியில் முக்காலி போட்டோம். இரண்டு மாதத்தில் சின்னு மறுபடி என் கட்டிலில் ஏறிப் படுக்க ஆரம்பித்தாள்.

ஒன்றை மறக்காதீர்கள்: நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடலாம். பாவம் என்று நினைத்துக்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.