எத்தனை புடவை?

ஆரணி பஸ்ஸின் முதல் படியில் என் தகப்பனாரால் கால் வைக்க முடியாமற்போன அன்றுதான் கார் வாங்குவதென்று தீர்மானித்தேன். ஐம்பது வருஷம் குழித்தறியில் மிதித்த கால்கள். மாதம் இருமுறை வேலூருக்கு வைத்தியத்துக்குப் போக வேண்டும். கண்டக்டர்தான் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். அன்று முழுவதும் அப்பா பேசவில்லை.

அந்தக் காலத்தில் அம்பாஸிடருக்கும் பியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பிறகு நிலைமை மெல்ல மாறிற்று. இப்போது கார் காத்திருக்கிறது, வாங்குகிறவன்தான் விழிக்கிறான்.

வேலூர்க் கடையில் ஓர் இளைஞர் ஒரே காருக்கு நாலு விலை சொன்னார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதென்று குளிரவைத்தார். அடுத்த காகிதத்தில் ஆயுட்கால வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அந்தக் குளிரைப் போக்கின. ஆக 7,20,000 ரூபாய்.

கூரையில் கண்ணாடி வைத்த வண்டியையும் காட்டினார். "தலைக்கு மேலே வெயில் வர்றதுக்குத் தனியாப் பணமா?" என்றார் அப்பா. பிறகு ஒவ்வொரு வண்டியிலும் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். ஒன்றில் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். நான் நட்சத்திரக் கணக்குப் பார்த்து வைத்திருந்த வண்டி வேறு. எழுந்ததையே வாங்கினோம்.

திரும்பும் வழியில், "கடைசியா எனக்குப் புடவைக்கு மூவாயிரம் கூலி. இது 240 புடவை. மாசம் ரெண்டுன்னா பத்து வருஷம்டா" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. எத்தனை கதை என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

வண்டி சேத்துப்பட்டுக்கு வந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள் என் மனைவி. முன் இருக்கையில் அப்பா தாமாகவே ஏறி அமர்ந்தார். என் காலடியைக் குனிந்து பார்த்தார்.

"மூணு மிதியா? கால் ரெண்டுதானே இருக்கு?"

நான் கிளட்சை விட்டேன். வண்டி துள்ளி நின்றது. தெருவே பார்த்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தறி பழக்கிக் கொடுத்த நாளில் கேட்ட அதே குரலில் சொன்னார்:

"மெதுவா மிதிடா. இழை அறுந்துடப் போவுது."