‘ஆராயப்படும்’, ‘ஆராயப்பட்டது’

ரஃபேல் போர் விமான ஒப்பந்தம் பற்றி உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 14 அன்று அளித்த தீர்ப்பின் 25ஆம் பத்தி மூன்று செய்திகளைச் சொன்னது. விமானங்களின் விலை விவரம் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம், அதாவது செய்தித்தாள்களின் சி.ஏ.ஜி.யிடம், அளிக்கப்பட்டுவிட்டது, அவருடைய அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது, சில விவரங்கள் நீக்கப்பட்ட வடிவம் மட்டும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. முதற்செய்தியைத் தவிர மற்ற இரண்டும் நடந்திருக்கவில்லை. அறிக்கை அப்போது வெளிவரவே இல்லை. குழுவின் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கே, அப்படியோர் அறிக்கையைத் தாம் கண்டதில்லை என்றார்.

மறுநாளே ஒன்றிய அரசு ஒரு திருத்த மனுவோடு நீதிமன்றத்தை அணுகியது. இந்திய நீதிமன்ற வரலாற்றில் இவ்வளவு தூய இலக்கண மனு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. மூடிய உறையில் தாங்கள் அளித்த குறிப்பில், விலை விவரம் பகிரப்பட்டது என்பது மட்டுமே இறந்தகாலம். அறிக்கையைக் குழு ஆராய்வது பற்றிய வாக்கியம் வழமையான நடைமுறையைச் சொல்லும் நிகழ்காலம். நீதிமன்றம் அதை நடந்து முடிந்த செயலாக மாற்றிப் படித்துவிட்டது என்பது மனுவின் சாரம். 2019 நவம்பர் 14 அன்று மறுஆய்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தபோது, இந்தத் திருத்தத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

பிழைக்கு மொழியிலும் இடம் இருந்தது. ஆங்கிலச் செயப்பாட்டு நிகழ்காலம் இரட்டை முகம் கொண்டது. ‘கதவு மூடப்படுவது வழக்கம்’ என்பதையும் ‘கதவு இப்போது மூடியிருக்கிறது’ என்பதையும் அதில் ஒரே சொல்லமைப்பால் சொல்லலாம். தமிழில் இந்தக் குழப்பம் எளிதில் நேராது. ‘ஆராயப்படும்’ என்பது வழக்கம், ‘ஆராயப்பட்டிருக்கிறது’ என்பது முடிந்த செயல். ஒன்றை மற்றொன்றாகப் படிக்க வழியில்லை. ஆயினும் மொழியை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. அறிக்கை எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்பதை நினைவில் கொண்ட எவரும், அந்தப் பத்தியின் வரிசையே தலைகீழாக இருப்பதைக் கண்டிருப்பார்.

அந்த வழியை அரசியல் சாசனத்தின் 151ஆம் உறுப்பு வகுக்கிறது. தணிக்கையாளர் அறிக்கையைக் குடியரசுத் தலைவரிடம் அளிக்கிறார். அவர் அதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கச் செய்கிறார். பொதுக் கணக்குக் குழுவின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது. அவையில் வைக்கப்படாத அறிக்கையைக் குழு ஆராய்ந்திருக்க முடியாது.

குழு 1921இல் தோன்றியது. 1950 வரை நிதித்துறையின் பொறுப்பாளரே அதன் தலைவர். செலவிட்டவரே செலவை விசாரித்த காலம் அது. இன்று மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள். அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. 1967இல் மினூ மசானி தலைவரானது முதல், எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைமை ஏற்பது மரபு.

இந்த 22 பேரும் முழுநேர அரசியல்வாதிகள். தொகுதி, கட்சி, அவை என்று நாள் முழுவதும் அலைபவர்கள். ஓர் அமைச்சகத்தின் கொள்முதல் கோப்புகளை அவர்கள் தாமே படித்துக் குறை கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அந்த இடைவெளியைத் தணிக்கைத் துறை நிரப்புகிறது. எடுத்துக்கொண்ட பொருளில் எவை முக்கியம், எங்கே துடைப்பது போன்ற விடை வரும், அதற்கு அடுத்த கேள்வி எது என்பவற்றை முன்கூட்டியே குறிப்பாக எழுதித் தருகிறது. கூட்டத்தில் தணிக்கையாளர் குழுவுக்குத் துணையாக அமர்கிறார். அவர் உறுப்பினர் அல்லர். எதிரே சாட்சியாக வருபவர் துறைச் செயலாளர், அமைச்சர் அல்லர். செயலாளரின் விளக்கம் கோப்போடு ஒத்துப்போகிறதா என்பதைச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் பெரும்பாலும் தணிக்கையாளர் ஒருவரே. குழு நேரில் விசாரிப்பது சில பொருள்களை மட்டும்தான். மற்றவற்றுக்கு அமைச்சகங்கள் எழுத்தில் அளிக்கும் நடவடிக்கைக் குறிப்புகளையும் தணிக்கைத் துறையே சரிபார்க்கிறது. இந்த வேலை எதுவும் செய்தியாவதில்லை. தொலைக்காட்சிக்கு வேண்டியது அறிக்கையில் உள்ள பெரிய எண் மட்டுமே. 2010இல் அலைக்கற்றை அறிக்கையின் 1.76 இலட்சம் கோடி ரூபாய் எல்லோருக்கும் மனப்பாடம், அதை விசாரித்த குழுவின் வரைவு அறிக்கை கட்சிச் சண்டையில் சிக்கிய கதை எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஆங்கிலத்தில் தணிக்கையைக் குறிக்கும் சொல், ‘கேட்டல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கணக்கை உரக்க வாசிக்க, ஒருவர் அமர்ந்து கேட்ட காலத்தின் எச்சம். நம் ‘தணிக்கை’யோ அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது. தெலுங்கில் சோதனையையும் கன்னடத்தில் புலனாய்வையும் குறிக்கும் அதன் உடன்பிறப்புகள் உண்டு. தமிழ் மட்டும் அதே சொல்லைத் திரைப்படத்தை வெட்டும் வாரியத்துக்கும் கொடுத்துவிட்டது. இந்த விபத்து கீழே உதவும்.

151ஆம் உறுப்பில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அறிக்கையை அவையில் ‘வைக்கச் செய்ய வேண்டும்’ என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் 14 அறிக்கைகள் சட்டப்பேரவைக்கு வராமல் கிடந்தன. தாமதத்தை உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் சிறப்புக் கூட்டம் நடத்த உத்தரவிட மறுத்தது. 2025இல் ஆட்சி மாறிய பின்னரே அவை அவைக்கு வரத் தொடங்கின. முந்தைய ஆட்சியின் கணக்கை அடுத்த ஆட்சி விரும்பி வெளியிடுவது தணிக்கையின் வெற்றி ஆகாது. அது அரசியலின் வசதி. செலவிட்டவர் பதவியில் இருக்கும்போதே கேட்கப்படும் கேள்விக்குத்தான் கூர்மை உண்டு.

மீண்டும் அந்தப் பத்திக்கு வருவோம். எல்லோரும் இரண்டாம் செய்தியின் காலத்தைப் பற்றியே வாதிட்டார்கள். மூன்றாவது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. அரசின் குறிப்பில் அதுவும் வழக்கத்தைச் சொல்லும் நிகழ்காலத்திலேயே இருந்தது: நீக்கங்களோடு கூடிய வடிவமே நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். குழு அறிக்கையை ஆராய்வது உண்மையான வழக்கம். எண்களை நீக்கிவிட்டு அறிக்கையை அவையில் வைப்பது அன்று வழக்கமாக இருக்கவில்லை. இரண்டும் ஒரே இலக்கண வடிவில் அடுத்தடுத்து நின்றதால், இல்லாத ஒரு மரபு இருக்கும் மரபின் தோளில் ஏறிக்கொண்டது. நீதிமன்றம் ஏற்ற திருத்தம் இதைத் தொடவில்லை. காலத்தை மட்டுமே சரிசெய்தது.

விமானப்படைக் கொள்முதல்கள் பற்றிய அறிக்கை 2019 பிப்ரவரி 13 அன்று, 16ஆம் மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வந்தது. விலைகள் நீக்கப்பட்டிருந்தன. இதற்கு முன்னுதாரணம் இல்லை என்றும், பாதுகாப்பைக் காரணம் காட்டி அமைச்சகம் வற்புறுத்தியதால் ஏற்க நேர்ந்தது என்றும் தணிக்கையாளரே அதில் பதிவு செய்தார். தணிக்கை அறிக்கையே தணிக்கைக்கு உள்ளானது என்று தமிழில் மட்டுமே இதைச் சொல்ல முடியும். 36 விமானங்களின் விலை, முந்தைய ஏலத்தை ஒட்டிக் கணக்கிட்ட விலையைவிட 2.86 விழுக்காடு குறைவு என்ற முடிவு எஞ்சியது. எந்தத் தொகையில் 2.86 விழுக்காடு என்பது உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்ட பக்கங்களில் இல்லை. அன்று மாலைக்குள் அவையும் கலைந்து, உறுப்பினர்கள் தேர்தலுக்காகத் தொகுதிகளுக்குப் புறப்பட்டார்கள்.

தமிழில் வழக்கத்துக்கும் எதிர்காலத்துக்கும் வினைவடிவம் ஒன்றுதான். ‘நீக்கங்களோடு வைக்கப்படும்’ என்ற வாக்கியம், எழுதப்பட்ட நாளில் வழக்கமாகப் பொய். மூன்று மாதங்களில் எதிர்காலமாக மெய்.