பதினோரு கிலோமீட்டர்

2022 மார்ச் 2, சாம்பல் புதன். காரங்காடு மாதா கோயிலில் மாலைப் பூசை முடிந்ததும் ஒரு தாய் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். நெற்றியில் இட்ட சாம்பல் வேர்வையில் கரைந்திருந்தது.

"சார், பிள்ளைகள நடந்து போகச் சொல்றாகளாம் சார்."

மகள் உக்ரைனின் கார்கிவ் நகரில் மருத்துவம் நான்காம் ஆண்டு. பிப்ரவரி 24இல் போர் தொடங்கிய அன்றே விமானங்கள் நின்றுபோயின. ஒரு வாரமாக விடுதியின் நிலவறையில் கிடந்தாள். முந்தின நாள்தான் அதே நகரில் ஒரு கர்நாடக மாணவர் தாக்குதலில் இறந்திருந்தார். இப்போது இந்தியத் தூதரகம் அறிவித்துவிட்டது: உடனே வெளியேறுங்கள், வண்டி இல்லையென்றால் நடந்தாவது பிசோச்சின், பாபாய், பெஸ்லியுதிவ்கா ஆகிய ஊர்களுக்குப் போய்ச் சேருங்கள், மாலை 6 மணிக்குள். நமக்கு அது இரவு 9.30. பிசோச்சினுக்கு 11 கிலோமீட்டர்.

அவளுடைய விண்ணப்பத்தில் கார்கிவ் என்று எழுதியது என் கை. அந்த ஊரின் வரைபடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

2017இல் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். தமிழ்நாட்டில் நீட் வந்த ஆண்டு அது. பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பியிருந்த பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். மாற்றுச் சான்றிதழுக்கு என்னிடம் வந்து பழகிய பெற்றோர், வெளிநாட்டுப் படிப்புக்கும் என்னையே கேட்டார்கள். மதுரை ஏஜென்சி ஒன்றுடன் சேர்ந்து வழிகாட்டத் தொடங்கினேன். இந்தப் பெண் நீட்டில் தேறியிருந்தாள். அரசுக் கல்லூரிக்கு அது போதவில்லை, தனியார் கட்டணம் நினைத்தும் பார்க்க முடியாதது. நண்டு வலைத் தொழில் செய்யும் அப்பா வீட்டு நகையெல்லாம் அடகு வைத்தார். கட்டணம், விசா, விடுதி எல்லாம் விளக்கினேன். ஏஜென்சி கொடுத்த கமிஷனையும் வாங்கிக்கொண்டேன். ஆபத்து வந்தால் எந்த வழியாகத் திரும்புவாள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றிரவு அவளுடைய அம்மா, அப்பா, நான் மூவரும் என் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அலையாத்திக் காட்டுப் பக்கமிருந்து வாடைக் காற்று. 9.30 கடந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதைவிடத் தண்டனை வேறில்லை. பத்தே முக்காலுக்கு அவள் குரல் வந்தது: "பிசோச்சின் வந்துட்டோம் சார். சார்ஜ் இல்ல, அம்மாட்டச் சொல்லிருங்க." அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அழுகையில் பதில் சொல்ல அவருக்குக் குரல் எழவில்லை.

எல்லை தாண்டி, இந்திய அரசின் ஆபரேஷன் கங்கா மீட்பு விமானத்தில் டெல்லி வந்து, வீடு சேர்ந்தாள். பிறகுதான் அடுத்த இடி. முழுப் படிப்பும் ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும் என்று விதி சொன்னது. உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்கு இங்குள்ள கல்லூரிகளிலும் இடமில்லை. ஆறு மாதம் பழைய புத்தகங்களைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வேறு நாட்டுக் கல்லூரியில் தற்காலிகமாகப் படிக்க ஒப்புக்கொண்ட பிறகே ஜார்ஜியாவுக்கு வழி பிறந்தது.

டிக்கெட்டுக்கு அந்தக் கமிஷன் பணத்தைக் கொண்டுபோனேன். அப்பா வெகுநேரம் தயங்கி வாங்கிக்கொண்டார். பிறகு, நாலு வருஷத்துக்கு முன்னால் கேட்காததைக் கேட்டார்:

"அங்கேருந்து பக்கத்து நாட்டு எல்லைக்கு ரோட்டுல எம்புட்டுத் தூரம் சார்?"

வரைபடத்தை விரித்து, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அளந்து சொன்னேன்.