ஏற்றத்துக்கு அளவெடுத்த டேங்க்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போகும் வண்டிகள் அவை. தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் பாறையும் சேறும் செங்குத்து ஏற்றமும்தான். அங்கே டீசல் வராமல் வண்டி நின்றால், உள்ளே இருக்கும் எல்லோருடைய அன்றைய கூலிக்கும் ஆபத்து. அந்த ஜீப்புகளுக்கு டேங்க் செய்துகொடுக்கும் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன்.

வேலைக்கு நின்றது ஒரு பழைய மகிந்திரா ஜீப். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே டேங்க். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்த அமைப்பு அது. பாதி காலியான டேங்கின் உள்சுவரில் மழைக்காலத்து ஈரம் நீராகக் கோத்துக்கொள்ளும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். அப்படித் தங்கிய தண்ணீரில் அடித்தகடு துருவேறிக் கசியத் தொடங்கியிருந்தது. பெரிய டேங்காகச் செய்து, பின்பக்கம் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில் வைத்துத்தர வேண்டும் என்றார் வண்டிக்காரர்.

எத்தனை லிட்டர் என்று மேஸ்திரி கேட்கவில்லை. "எந்தத் தோட்டத்துக்குண்ணே போறீக? ஏத்தம் எப்படி?" என்றுதான் கேட்டார்.

அதன் காரணத்தைத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். டேங்கின் அகலம் 60 சென்டிமீட்டர், முன்பின் நீளம் 40, உயரம் 20. பெருக்கினால் 48 லிட்டர். கால்பங்கு டீசல் இருந்தால் சமதளத்தில் 5 சென்டிமீட்டர் ஆழம் நிற்கும். 4 அடி போனால் 1 அடி உயரும் ஏற்றத்தில் வண்டி ஏறும்போது, அதே டீசல் பின்சுவரில் 10 சென்டிமீட்டர் ஏறிவிடும், முன்சுவரோரம் ஒன்றுமிருக்காது. உறிஞ்சு குழாய் முன்பக்கம் இருந்தால் 12 லிட்டர் டீசலை வைத்துக்கொண்டே எஞ்சின் காற்றைக் குடிக்கும். டீசல் வரும் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பிறகு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும். சேற்றில், சரிவில், மழையில்.

ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டம் அதிகம் மாறாத இடம் நடுப்பகுதிதான். அதனால் அடித்தகட்டின் நடுவில் ஒரு சிறு குழி, அதற்குள் குழாயின் வாய். வாய் தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கும். தண்ணீரும் கசடும் அதற்குக் கீழே தங்கும். குழியின் அடியில் ஒரு வடிபோல்ட். சுற்றிலும் தடுப்புத் தகடுகள். அவற்றின் அடிமூலைகளில் ஓட்டை உண்டு. டீசல் மெதுவாக உள்ளே வரலாம், ஒரே பாய்ச்சலாக வெளியேற முடியாது. பிரேக் போடும்போது டீசல் மொத்தமாக மோதித் தகட்டின் ஒட்டு விடுவதையும் இவையே தடுக்கின்றன.

தகடு 16 கேஜ் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஷீட். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே, அதில் செய்யலாமே என்று கேட்டேன். அதன் மேலுள்ள துத்தநாகம் டீசலோடு சேர்ந்தால் சோப்புப் படிவு உண்டாகி ஃபில்டரை அடைக்கும் என்றார். வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி டேங்க் செய்து வண்டிக்கடியில் பொருத்தினார்கள். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் எதுவரை ஏறுகிறது, சைலன்சர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தபின் அட்டையின் ஒரு மூலை சரிவாக நறுக்கப்பட்டது.

வெல்டிங் ஓரிடத்திலிருந்து தொடர்ச்சியாக ஓடவில்லை. இந்த மூலையில் பொட்டாக ஒரு டேக், எதிர்மூலையில் ஒரு டேக். சூடு ஒரே பக்கம் சேர்ந்தால் தகடு முறுக்கிக்கொள்ளும். மூடியபின் எல்லா வாய்களையும் அடைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சமே காற்றேற்றினார்கள். கேஜில் 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டவிடவில்லை, அதிகமானால் தட்டையான சுவர் உப்பிவிடும். பிரஷ்ஷால் சோப்புத்தண்ணீர் பூசியதும் ஒரு மடிப்பில் கடுகளவு குமிழி எழுந்தது. அங்கே மறுபடி தேய்த்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி சோப்புத்தண்ணீர்.

இடையில் ஒருவர் ஒழுகும் பெட்ரோல் டேங்கோடு வந்தார். "காலிதாண்ணே, ஒரு பொட்டு வச்சுக் குடுங்க" என்றார். மேஸ்திரி கையை நீட்டக்கூட இல்லை. காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். கழுவித் தண்ணீர் நிரப்பாமல் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோவதில்லை என்பது அங்கே சட்டம்.

அந்தச் சட்டம் கண்ணுக்கும் நீள வேண்டும். தகடு பிடித்த பையன் கண்ணாடி இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றான். வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் அன்றிரவு மணல் விழுந்ததுபோல உறுத்தும். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு முதல் நாளே ஒரு முகக்கவசம் தருவது கூலியில் சேராத கடமை.

புது டேங்க், ரப்பர் பட்டை வைத்த இரும்புக் கச்சைகளில் தொங்கியது. காற்றுக்குழாய் உயரத்தில் கட்டப்பட்டது. கழுத்துவரை நிரப்பாதீர்கள், வெயிலில் டீசல் விரியும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

டேங்குக்குப் பேரம் பேசுபவர்கள் லிட்டரையும் தகட்டின் எடையையும் வைத்தே பேசுகிறார்கள். விலை குறைந்தால் முதலில் காணாமல் போவது தடுப்புத் தகடும் குழியும்தான். மேல்மூடியைப் பற்றவைத்தபின் அது யாருக்கும் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும். டேங்க் செய்யக் கொடுப்பவர்கள் மூடுவதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய் உள்ளே பாருங்கள். அங்கே செய்திருக்கும் வேலைக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள்.