பன்னிரண்டு நிமிடம்

எங்கள் பெற்றோரின் வீட்டில் கீழ்த்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது ஓர் அரை எச்.பி. மோட்டார். நாற்பது ஆண்டுகளாக அதைப் போடுவதும் நிறுத்துவதும் அப்பாவின் பொறுப்பு. விடியற்காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு மாடிப்படியேறி, தொட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார். மழை நாளொன்றில் அந்தப் படியில் அவர் சறுக்கி விழுந்தபோது, வெவ்வேறு ஊர்களில் இருந்த நாங்கள் மூவரும் தொலைபேசியில் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மோட்டாருக்கு டைமர் வைத்துவிடலாம். அப்பா இனி படியேற வேண்டாம்.

உள்ளங்கையளவு டிஜிட்டல் டைமர் அது. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் தனித்தனியே நேரம் குறித்து வைக்கலாம். மின்சாரம் போனாலும் மணி மறக்காதிருக்க உள்ளே சிறு பேட்டரி உண்டு. முன்பு புழங்கிய பல்சக்கர டைமர்களில் இந்த வசதி கிடையாது. மின்சாரம் எத்தனை நேரம் நிற்கிறதோ அத்தனை நேரம் அவையும் பின்தங்கிவிடும். எலக்ட்ரீஷியன் டைமரை மோட்டாருடன் நேரடியாக இணைக்க மறுத்தார். கிளம்பும் கணத்தில் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், டைமருக்குள் இருக்கும் மெல்லிய தொடுமுனைகள் நாளடைவில் ஒட்டிக்கொண்டுவிடும் என்றார். நடுவில் ஒரு காண்டாக்டரை வைத்தார். டைமர் ஆணையிடும், காண்டாக்டர் சுமையைத் தாங்கும்.

முதல் சிக்கல் நாட்காட்டியில் வந்தது. குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள். டைமருக்கோ வாரக்கணக்குதான் தெரியும். ஏழு ஒற்றைப்படை எண்ணாதலால் இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்றால் அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி என்று முறை மாறிவிடுகிறது. எனவே தினமும் காலை ஐந்தரைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓடட்டும் என்று குறித்தோம். ஐந்நூறு லிட்டர் தொட்டி நிரம்பப் பதின்மூன்று நிமிடம் ஆவதைக் கடிகாரம் பார்த்து அளந்து, வழியாமலிருக்க ஒரு நிமிடத்தைக் குறைத்திருந்தோம். அந்தக் கணக்கில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பழந்தமிழகத்தில் நீர்தான் காலத்தைச் சொன்னது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் நாழிகைக் கணக்கர் நீரைக் கொண்டு பொழுதளந்து சொல்கிறார்கள். நாங்களோ அதைத் தலைகீழாக்கி, பொழுதைக் கொண்டு நீரை அளந்துவிடலாம் என்று நம்பினோம். நாழிகை வட்டில் நீரைத் தொட்டுக்கொண்டே இருந்தது என்பதும், எங்கள் டைமர் நீரைத் தொடவே இல்லை என்பதும் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அந்த டைமரில் மூன்று நிலைகள் உண்டு: ஆன், ஆட்டோ, ஆஃப். ஒருநாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது அப்பா பொத்தானை அழுத்தி மோட்டாரை ஓடவிட்டார். நிலை ‘ஆன்’ என்பதில் நின்றுவிட்டது. அப்படி நின்றால் டைமர் தானாக நிறுத்தாது. இரண்டு மணி நேரம் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியிருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது நாங்கள் ஒரு தாளில் ‘தொடவேண்டாம்’ என்று எழுதிப் பலகையில் ஒட்டினோம். அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

கோடையில் குழாய்த் தண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறை என்றானது. ஒரு காலை கீழ்த்தொட்டி காலியாக இருக்க, ஐந்தரைக்கு டைமர் தன் கடமையைச் செய்தது. பன்னிரண்டு நிமிடம் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடியது. பம்பின் மெக்கானிக்கல் சீலைக் குளிர்விப்பது உள்ளே ஓடும் தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் சீல் சூடேறிக் கருகும். மறுநாள் தண்ணீர் வந்தபோது கருகிய சீல் வழியே கசிந்து காயிலுக்குள் இறங்கி, காயிலும் எரிந்தது.

செலவு பெரிதில்லை. எங்களை உறுத்தியது வேறு. “தண்ணியில்லாம ஓடினது தெரியலையாப்பா?” என்று கேட்டோம்.

“தெரிஞ்சுது. சத்தம் மெலிஞ்சு கீச்சுன்னு வந்துது. படுத்திருக்கும்போதே தெரிஞ்சுது.”

“அப்ப நிறுத்தியிருக்கலாமே?”

“தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே. அதுக்கு ஏதோ கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்.”

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். வயது ஏறியதால் படியேறுவதிலிருந்து மட்டுமே அவருக்கு ஓய்வு தேவைப்பட்டது. நாங்களோ, மோட்டாரின் ஒலியைக் கேட்டே தண்ணீரை அறிந்த நாற்பது ஆண்டுப் பழக்கத்துக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டோம். எங்கள் அக்கறையில் பயமும் கலந்திருந்தது. அந்தப் பயம் அவருக்கு ஒரு கட்டளையாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

காயில் கட்டி வந்த மோட்டாரை மாட்டும்போது கீழ்த்தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சைத் தொங்கவிட்டு, டைமருக்கும் காண்டாக்டருக்கும் இடையே இணைக்கச் செய்தோம். நேரமும் ஆகியிருக்க வேண்டும், தண்ணீரும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் இப்போது மோட்டார் ஓடும். அப்பாவின் கைக்கெட்டும் உயரத்தில், முழு இணைப்பையும் துண்டிக்கும் பெரிய சுவிட்ச் ஒன்றையும் வைத்தோம். தாளைக் கிழித்தபோது அதன் பசைத் தடம் பலகையிலேயே தங்கிவிட்டது.

சென்ற வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். பேச்சினூடே, “காத்தால ரெண்டு நிமிஷம் முன்னாடியே நிறுத்திட்டேன். மேல பாதி தண்ணி இருந்துது, சத்தத்துலயே தெரிஞ்சுது” என்றார்.

மாடியேறிப் பார்த்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.